ரன்வே குறுக்கே ரோடு போனா: ஓட்டுநருக்கு யார் சிக்னல் போடுறது?

ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம். ரயில்வே கேட் எல்லாரும் பார்த்திருப்போம். கேட் போட்டா நிக்கணும், ரயில் போனதும் கிளம்பணும். இப்போ அந்தத் தண்டவாளத்தைத் தூக்கிட்டு அங்க ஒரு ரன்வே போடுங்க. வர்றது ரயில் இல்ல, மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்துல இறங்குற ஒரு ஜெட் விமானம். உங்க வண்டி கேட்டுக்கு இந்தப் பக்கம் நிக்குது. உங்களை நிறுத்த எது போதும்? ஒரு பலகையா, ஒரு சிவப்பு விளக்கா, ஒரு தடுப்புக் கம்பியா?

கற்பனைக் கேள்வி மாதிரி தெரியும். ஆனா உலகத்துல சில இடங்கள்ல இது தினசரி வாழ்க்கை. இந்தக் கட்டுரையில அந்த இடங்களைப் பார்ப்போம், மூணு சின்னக் கணக்கு போடுவோம், எச்சரிக்கை சிக்னல்னா உண்மையில என்னன்னு புரிஞ்சுக்க முயற்சி பண்ணுவோம். சிவில், மெக், ஈசிஈ மூணு பேருக்கும் இதுல வேலை இருக்கு.

ஜிப்ரால்டர்: ஊருக்கு நடுவுல ஒரு ரன்வே

ஸ்பெயின் நாட்டோட தெற்கு முனையில ஒட்டிக்கிட்டு இருக்குற பிரிட்டிஷ் பகுதி ஜிப்ரால்டர். மொத்தப் பரப்பளவே 6.8 சதுர கிலோமீட்டர்தான். ஒரு பெரிய பாறை, அதைச் சுத்தி ஊர், ஸ்பெயினோட இணைக்கிற ஒரு குறுகலான நிலப்பகுதி. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல ராணுவத்துக்கு ரன்வே தேவைப்பட்டுச்சு. சமதளமா இருந்த ஒரே இடம் அந்தக் குறுகலான நிலப்பகுதிதான். பாறைக்குள்ள சுரங்கம் தோண்டுறப்போ வந்த கல்லைக் கொட்டி, ரன்வேயைக் கடலுக்குள்ளயே நீட்டினாங்க. இன்னைக்கும் அதோட நீளம் 1,800 மீட்டருக்குள்ளதான்.

சிக்கல் என்னன்னா, ஊர்ல இருந்து ஸ்பெயின் எல்லைக்குப் போற முக்கியமான சாலையும் அதே இடத்துலதான் போகுது. வின்ஸ்டன் சர்ச்சில் அவென்யூ. அந்தச் சாலை ரன்வேயைக் குறுக்கே வெட்டிப் போகும். மேம்பாலம் கட்ட முடியாது. விமானம் எங்க இறங்கும்? அதனால பல வருஷமா ஒரே வழிதான் இருந்துச்சு: விமானம் வரும்போது சிக்னல் போட்டு, தடுப்பை இறக்கி, வண்டிகளையும் நடந்து போறவங்களையும் நிறுத்துறது. ஒவ்வொரு தடவையும் சுமார் பத்து நிமிஷம். பார்டர் தாண்டி வேலைக்குப் போறவங்க, ஸ்கூல் பசங்க, லாரி, பைக் எல்லாரும் வரிசையில நிப்பாங்க.

ஜிப்ரால்டர் மட்டும் இல்ல. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுல இருக்குற சம்பர்க் விமான நிலையத்துல, ஏ970 சாலை ஒரு ரன்வேயோட மேற்கு முனையைக் கடந்து போகுது. அங்கயும் தடுப்பும் விளக்கும் உண்டு. சுவிட்சர்லாந்தோட மைரிங்கன் ராணுவ விமானத் தளத்துலயும் சாலை ரன்வேயைக் கடக்குது. நியூசிலாந்தோட கிஸ்போர்ன் நகரத்துல ரயில் பாதையே ரன்வேயைக் கடக்கும்.

பத்து நிமிஷம்னு சொன்னேன்ல? "எதுக்கு அவ்வளவு நேரம்? விமானம் போறது அஞ்சு விநாடிதானே"ன்னு தோணும். அந்தச் சந்தேகம்தான் ஆபத்தோட ஆரம்பம். கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

கணக்கு 1: வண்டி எவ்வளவு தூரத்துல நிக்கும்?

ஹைவே இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இது பழக்கமான ஃபார்முலா. ஓட்டுநர் சிவப்பைப் பார்த்து, மூளைக்கு உறைச்சு, பிரேக்ல கால் வைக்கிற வரைக்கும் வண்டி அதே வேகத்துல ஓடும். நம்ம ஊர் சாலை வடிவமைப்பு விதிகள்ல இந்த நேரத்தை 2.5 விநாடின்னு எடுத்துக்குவாங்க. அதுக்கப்புறம் பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம்.

மொத்த தூரம் = 0.278 × வேகம் × 2.5 + வேகத்தின் வர்க்கம் ÷ (254 × உராய்வுக் கெழு). வேகம் கிமீ/மணியில, விடை மீட்டர்ல வரும்.

மணிக்கு 50 கிமீ, உராய்வுக் கெழு 0.37 வெச்சா: முதல் பகுதி 35 மீட்டர், ரெண்டாவது பகுதி 27 மீட்டர். மொத்தம் 62 மீட்டர்.

மணிக்கு 30 கிமீ, உராய்வுக் கெழு 0.40 வெச்சா: 21 மீட்டர் + 9 மீட்டர். மொத்தம் 30 மீட்டர்.

வேகம் பாதியாகூட குறையல, தூரம் பாதிக்கும் கீழ போயிடுச்சு. இதுல இருந்து முதல் பாடம்: சிவப்பு விளக்கு ரன்வே ஓரத்துல இருந்தா மட்டும் பத்தாது. குறைந்தது 62 மீட்டருக்கு முன்னாடியே அது கண்ணுக்குத் தெரியணும், அதுக்கும் முன்னாடி ஒரு எச்சரிக்கைப் பலகை வேணும், வேகமும் குறைக்கப்பட்டிருக்கணும். மழையில உராய்வு இன்னும் குறையும், தூரம் கூடும். பலகை, வேகத் தடை, விளக்கு, நிறுத்தக் கோடு, தடுப்பு: இந்த வரிசை அழகுக்கு வெச்சது இல்ல. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி இந்தச் சமன்பாட்டுல இருந்து வருது.

கணக்கு 2: விமானம் நிக்குமா?

ஒரு சாதாரணப் பயணிகள் ஜெட் சுமார் 140 நாட் வேகத்துல தரையைத் தொடும்னு வெச்சுக்குவோம். அது மணிக்கு சுமார் 260 கிமீ. விநாடிக்கு 72 மீட்டர். நல்லா பிரேக் பிடிச்சு விநாடிக்கு விநாடி 2 மீட்டர் வேகம் குறையுதுன்னு எடுத்துக்கிட்டா, நிக்கிற தூரம் = 72 × 72 ÷ (2 × 2) = 1,296 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு மேல.

தரையைத் தொடுறதுக்கு முன்னாடி? விமானங்கள் வழக்கமா 3 டிகிரி சரிவுல இறங்கும். விநாடிக்கு 72 மீட்டர் வேகத்துல அந்தச் சரிவுல கீழ இறங்குற வேகம் விநாடிக்கு சுமார் 3.8 மீட்டர். 60 மீட்டர் உயரத்துல இருக்குற விமானம் தரையைத் தொட 16 விநாடிதான் மிச்சம். அந்த நேரத்துல ஒரு பைக் ரன்வேக்குள்ள வந்தா, பைலட் அதைப் பார்க்கணும், முடிவெடுக்கணும், இன்ஜின் முழு சக்திக்கு வரணும், விமானம் மறுபடி மேல ஏறணும். பகல்ல தெளிவான வானிலையில முடியலாம். ராத்திரியில, மழையில?

ரெண்டாவது பாடம்: ரோடும் ரன்வேயும் சந்திக்கிற இடத்துல விட்டுக்கொடுக்கக்கூடிய ஒரே ஆள் சாலை ஓட்டுநர்தான். ஹாரன் அடிச்சு "நீ முதல்ல போ"ன்னு சொல்ற வசதி அங்க கிடையாது.

கணக்கு 3: அந்தப் பத்து நிமிஷம் எங்க போகுது?

ரன்வே அகலம் 45 மீட்டர்தான் இருக்கலாம். ஆனா அதுக்கு ரெண்டு பக்கமும் தடையில்லாத ஒரு பட்டை வேணும். விமானம் கொஞ்சம் விலகினாலும் எதுலயும் மோதக்கூடாது. பெரிய ரன்வேக்கு சர்வதேசத் தரம் நடுக்கோட்டுல இருந்து ஒரு பக்கத்துக்கு 140 மீட்டர். மொத்தம் 280 மீட்டர். ஜிப்ரால்டர்ல இடம் இதைவிட நெருக்கம். நம்ம கணக்குக்கு 280-ஐயே எடுத்துக்குவோம்.

கடைசியா உள்ள நுழைஞ்ச கார் 30 கிமீ வேகத்துல போனா, 280 மீட்டரைத் தாண்ட 34 விநாடி. நடந்து போறவர்? விநாடிக்கு 1.2 மீட்டர்னு வெச்சா 233 விநாடி. கிட்டத்தட்ட 4 நிமிஷம். குழந்தையைக் கூட்டிட்டுப் போறவங்க, வயசானவங்க இன்னும் மெதுவா நடப்பாங்க.

எல்லாரும் வெளிய வந்தாச்சு. அடுத்தது ரன்வே சுத்தமா இருக்கான்னு பார்க்கணும். வண்டியில இருந்து ஒரு போல்ட் விழுந்திருக்கலாம், லாரியில இருந்து ஜல்லி விழுந்திருக்கலாம். இது சின்ன விஷயம் இல்ல. 2000 ஜூலை 25-ஆம் தேதி பாரிஸ்ல இருந்து கிளம்பின கான்கார்ட் விமானம், வேற ஒரு விமானத்துல இருந்து ரன்வேல விழுந்து கிடந்த ஒரு உலோகப் பட்டை மேல ஏறி, டயர் வெடிச்சு, தீப்பிடிச்சு விழுந்துச்சு. 113 பேர் இறந்தாங்க. அந்தப் பட்டையோட நீளம் அரை மீட்டர்கூட இல்ல. தினமும் ஆயிரக்கணக்கான வண்டி ஓடுற ரோடு ரன்வே மேல போகுதுன்னா, பார்த்துச் சுத்தம் பண்ண ரெண்டு நிமிஷமாவது ஒதுக்கணும்.

"ரன்வே காலி"ன்னு டவர் உறுதி பண்ணும்போது விமானம் குறைஞ்சது 7 கிலோமீட்டர் தள்ளி இருக்கணும்னு வெச்சா, அது வந்து சேர இன்னும் 100 விநாடி. இறங்கி, வேகம் குறைஞ்சு, ரன்வேலயே திரும்பி வெளிய போக ஒண்ணு ரெண்டு நிமிஷம். கூட்டுங்க: 4 + 2 + 1.7 + 1.5. ஒன்பது நிமிஷத்துக்கு மேல வந்துடுச்சு.

அந்தப் பத்து நிமிஷத்துல எந்த நிமிஷமும் வீண் இல்ல. ஆனா வரிசையில நிக்கிற ஓட்டுநருக்கு இது தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரியறது காலியான ஒரு ரன்வே, வராத ஒரு விமானம். அவரை நிறுத்தி வெக்கிற வேலையைத்தான் சிக்னல் செய்யணும்.

ஏன் ரெண்டு சிவப்பு, ஏன் மாறி மாறி?

சாலைச் சிக்னல் பத்தி 1968-ல வியன்னாவுல ஒரு சர்வதேச உடன்படிக்கை வந்துச்சு. அதுல ஒரு சுவாரஸ்யமான பிரிவு இருக்கு. மின்னுற சிவப்பு விளக்கோ, பக்கத்துப் பக்கத்துல மாறி மாறி மின்னுற ரெண்டு சிவப்பு விளக்கோ சில இடங்கள்ல மட்டும்தான் பயன்படுத்தலாம்னு சொல்றாங்க: ரயில்வே கேட், திறந்து மூடுற பாலம், படகுத் துறை, தீயணைப்பு வண்டி ரோட்டுக்கு வர்ற இடம், அப்புறம் சாலைக்கு மேல தாழ்வா விமானம் கடந்து போற இடம். பிரிட்டன்ல ஓட்டுநர் உரிமத்துக்குப் படிக்கிற கையேட்டுலயும் இந்த விளக்கு பக்கத்துல விமானத் தளம்னு தெளிவா எழுதியிருக்கும்.

சாதாரணச் சிக்னல்ல இருக்குற நிலையான சிவப்பை ஏன் வெக்கல? நாற்சந்தியில சிவப்பு எரிஞ்சா நம்ம மூளை என்ன சொல்லும்? "இப்போ அவங்க முறை, அடுத்தது நம்ம முறை." அது முறை மாத்துற விளக்கு. கொஞ்சம் முன்னாடி கிளம்பினா என்ன ஆயிடும்னு ஒரு அலட்சியமும் கூடவே இருக்கும். மாறி மாறி மின்னுற சிவப்பு முறை மாத்தாது. அது "இங்க உயிருக்கு ஆபத்து"ன்னு மட்டும் சொல்லுது. சில இடத்துக்கு மட்டும்னு ஒதுக்கி வெச்சதாலதான் அதுக்கு மதிப்பு. எல்லா இடத்துலயும் அடிச்சுக்கிட்டே இருக்குற அலாரத்தை யாரும் கேக்க மாட்டாங்க.

ரெண்டு விளக்கு வெக்கிறதுல இன்னொரு லாபம்: ஒண்ணு ஃபியூஸ் போனாலும் இன்னொண்ணு மின்னிக்கிட்டே இருக்கும்.

விளக்கே எரியலன்னா என்ன அர்த்தம்?

என்னைப் பொறுத்தவரைக்கும் இந்தப் பாடத்துலயே முக்கியமான கேள்வி இதுதான். சாதாரணச் சிக்னல்ல எப்பவும் ஏதாவது ஒரு நிறம் எரியும். எதுவும் எரியலன்னா ரிப்பேர்னு தெரியும், ஜாக்கிரதையாப் போவோம். ஆனா மின்னும் சிவப்பு அப்படி இல்ல. விமானம் வராத நேரத்துல அது அணைஞ்சிருக்கும். அதாவது, இருட்டுன்னா "போகலாம்". இப்போ கரண்ட் போயிடுச்சு, விமானம் வந்துக்கிட்டு இருக்கு. அப்பவும் இருட்டுதான். ஓட்டுநருக்கு ரெண்டு இருட்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஒரு பொறியாளர் கேக்க வேண்டிய கேள்வி "இது வேலை செய்யுமா?"ங்கறது மட்டும் இல்ல, "இது கெட்டுப்போனா எந்தப் பக்கம் சாயும்?"ங்கறதும்தான். ரயில்வே சிக்னல் இந்தக் கேள்விக்கு ரொம்ப நாள் முன்னாடியே பதில் கண்டுபிடிச்சிடுச்சு. கோளாறு வந்தா சிக்னல் சிவப்புக்குப் போகணும். கேட் மூடிப் பூட்டினாதான் ரயிலுக்குப் பச்சை விழணும். இதைத்தான் இன்டர்லாக்கிங்னு சொல்றாங்க. ஒரு மனுஷன் மறந்தாலும், போன் கேக்கலன்னாலும், இயந்திரம் மறக்காது.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு நம்ம தமிழ்நாட்டுக்கே தெரியும். 2025 ஜூலை 8-ஆம் தேதி கடலூர் பக்கம் செம்மங்குப்பத்துல பள்ளி வேன் மேல ரயில் மோதி மாணவர்கள் மூணு பேர் இறந்தாங்க. அது இன்டர்லாக்கிங் செய்யப்படாத கேட்.

ரன்வே கடக்குற சாலைக்கும் இதே தர்க்கம்தான் பொருந்தும். நீங்க அப்படி ஒரு சிஸ்டம் வடிவமைச்சா இவ்வளவாவது இருக்கணும்: தடுப்பு இறங்கிப் பூட்டினது சென்சார்ல உறுதியாகாம டவருக்கு "ரன்வே தயார்"னு விளக்கு வரக்கூடாது, கரண்ட் போனா தடுப்பு தன் எடையிலயே கீழ இறங்கணும், பேட்டரி மாற்று வழி இருக்கணும், கடைசியா, ஒரு மனுஷக் கண்ணு நேர்ல பார்த்து உறுதி பண்ணணும். தடுப்பும் சாலையோட முழு அகலத்தையும் மூடணும். பாதி அகலத் தடுப்பு வெச்சா, பைக் வளைஞ்சு நெளிஞ்சு உள்ள போயிடும். நம்ம ஊர் கேட்ல குனிஞ்சு பைக்கைத் தள்ளிக்கிட்டுப் போற காட்சி யாருக்கும் புதுசு இல்ல.

வேலிக்கு உள்ள ஓட்டுறவங்க

இதுவரைக்கும் வெளிய இருக்குற சாலையைப் பார்த்தோம். விமான நிலையத்துக்குள்ளயும் நிறைய வண்டி ஓடுது: எரிபொருள் லாரி, தீயணைப்பு வண்டி, பராமரிப்பு ஜீப். அவங்களுக்கு ஒரு தனி சிக்னல் மொழியே இருக்கு.

ரன்வேக்கு முன்னாடி தரையில மஞ்சள் கோடு: ரெண்டு முழுக்கோடு, ரெண்டு விட்டுவிட்டுப் போற கோடு. முழுக்கோடு உங்க பக்கம் இருந்தா, அனுமதி இல்லாம தாண்டக்கூடாது. விட்டுவிட்டுப் போற கோடு உங்க பக்கம் இருந்தா, நீங்க ரன்வேல இருந்து வெளிய வர்றீங்கன்னு அர்த்தம், தாண்டி வந்துடுங்க.

ஓரத்துல சிவப்புப் பலகை, அதுல வெள்ளை எழுத்துல ரன்வே எண். அங்க சிவப்புப் பின்னணின்னா கட்டாய உத்தரவு. பல இடங்கள்ல மாறி மாறி மின்னுற மஞ்சள் விளக்கும், குறுக்கே தரையில வரிசையா சிவப்பு விளக்கும் இருக்கும். அந்தச் சிவப்பு வரிசைக்கு ஸ்டாப் பார்னு பேரு. எரியும்போது தாண்டவே கூடாது.

ரேடியோ வேலை செய்யலன்னா டவர்ல இருந்து ஒரு விளக்குத் துப்பாக்கியால சைகை காட்டுவாங்க. சர்வதேச விதிப்படி வண்டிகளுக்கு அதோட அர்த்தம்:

– விட்டுவிட்டு பச்சை: கடந்து போகலாம்.
– நிலையான சிவப்பு: நில்.
– விட்டுவிட்டு சிவப்பு: உடனே ரன்வேயையோ டாக்ஸிவேயையோ விட்டு விலகு, விமானம் வருதான்னு பாரு.
– விட்டுவிட்டு வெள்ளை: விமானம் நடமாடுற பகுதியை விட்டே வெளியேறு.

ரன்வே விளக்குகளே மொத்தமா மின்ன ஆரம்பிச்சாலும் அதே அர்த்தம்தான்: வெளிய வந்து டவரைப் பாரு.

இவ்வளவு இருந்தும் விபத்து நடக்குது. 2022 நவம்பர் 18-ஆம் தேதி பெரு நாட்டோட லிமா விமான நிலையத்துல, கிளம்பிக்கிட்டு இருந்த ஏர்பஸ் ஏ320நியோ விமானம் ரன்வேக்குள்ள வந்த தீயணைப்பு வண்டி மேல மோதுச்சு. விமானத்துல இருந்த யாரும் இறக்கல. தீயணைப்பு வீரர்கள் இறந்தாங்க. காப்பாத்துறதுக்குன்னே பயிற்சி எடுத்தவங்க அவங்க. 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோ ஹனேடாவுல ரன்வேல நின்னுக்கிட்டு இருந்த கடலோரக் காவல் படை விமானம் மேல, இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 மோதுச்சு. பெரிய விமானத்துல இருந்த 379 பேரும் தப்பிச்சாங்க. சின்ன விமானத்துல இருந்த 6 பேர்ல 5 பேர் இறந்தாங்க. அன்னைக்கு அந்த இடத்து ஸ்டாப் பார் விளக்குகள் பராமரிப்புக்காக நிறுத்தி வெச்சிருந்தாங்க. அது எரிஞ்சிருந்தா தடுத்திருக்குமான்னு வாதம் பண்ணலாம். ஆனா இருட்டுக்கு என்ன அர்த்தம்ங்கற கேள்வி இங்கயும் அப்படியே நிக்குது.

எச்சரிக்கையே இல்லாம வர்ற ஆபத்து

இப்போ கொஞ்சம் கஷ்டமான பகுதி. ரன்வே குறுக்கே போகாத, அதோட முடிவுக்குப் பக்கத்துல போற சாலைகள். இது உலகத்துல எத்தனையோ நகரத்துல இருக்கு.

2005 டிசம்பர் 8, அமெரிக்காவோட சிகாகோ நகரம். மிட்வே விமான நிலையம் ஊருக்கு நடுவுல, நாலு பக்கமும் சாலையும் வீடுமா இருக்குற இடம். பனிப்புயல். சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸோட போயிங் 737 ஒண்ணு சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள ரன்வேல இறங்குச்சு. பின்காத்து வேற. வேகம் குறைக்க உதவுற இன்ஜின் ரிவர்சர் தரையைத் தொட்டு 18 விநாடி கழிச்சுதான் திறந்துச்சு. கணக்கு 2-ஐ ஞாபகப்படுத்திக்கோங்க: விநாடிக்கு எத்தனை மீட்டர் போகுதுன்னு. விமானம் ரன்வே முடிவைச் சுமார் 53 நாட் வேகத்துல தாண்டி, வேலியை உடைச்சுக்கிட்டு, வெளிய இருந்த சாலைக்கு வந்து ஒரு கார் மேல மோதி நின்னுச்சு. காருக்குள்ள இருந்த ஆறு வயசுப் பையன் இறந்துட்டான்.

அந்தக் காரை ஓட்டினவருக்கு என்ன சிக்னல் போட்டிருக்க முடியும்? அவர் எந்த விதியையும் மீறல. தன் பாதையில போயிக்கிட்டு இருந்தார், அவ்வளவுதான்.

இந்த இடத்துலதான் எச்சரிக்கை சிக்னலோட எல்லை தெரியுது. பாதுகாப்புப் பொறியியல்ல ஒரு படிநிலை சொல்லுவாங்க. முதல் படி, ஆபத்தையே நீக்கு. முடியலன்னா ஆபத்து குறைவான ஒண்ணை வை. அதுவும் முடியலன்னா, நடுவுல ஒரு பொறியியல் தடுப்பு வை. அதுக்கும் கீழதான் பலகை, விதி, பயிற்சி. பலகைங்கறது ஓட்டுநரோட கவனத்தை நம்பி இருக்கு. கவனம் சிதறலாம், சில நேரம், மிட்வேல நடந்த மாதிரி, கவனத்துக்கு அங்க வேலையே இருக்காது.

அந்த விபத்தை விசாரிச்ச அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ரிவர்சரைச் சரியான நேரத்துல பயன்படுத்தாததை முக்கியக் காரணமாச் சொல்லுச்சு. ரன்வே முடிவுல விமானத்தைப் பிடிச்சு நிறுத்துற அமைப்பு இல்லாததையும் ஒரு காரணமாச் சேர்த்துச்சு. அந்த அமைப்புக்கு ஈமாஸ்னு சுருக்கமா பேரு. லேசா நொறுங்குற கான்கிரீட் கட்டிகளை ரன்வே முடிவுல படுக்கை மாதிரி பரப்பி வெப்பாங்க. விமானச் சக்கரம் அதுல ஏறினதும் கட்டி நொறுங்கும், சக்கரம் புதையும், விமானம் நின்னுடும். மலைச்சாலையில பிரேக் போன லாரியை நிறுத்தப் பக்கத்துல மணல் மேடு போட்டிருப்பாங்கல்ல, அதே யோசனைதான். வழக்கமான ஈமாஸ் 70 நாட் வேகம் வரைக்கும் தாங்குற மாதிரி வடிவமைப்பாங்க. மிட்வேல விமானம் வெளிய போன வேகம் 53. விபத்துக்கு அப்புறம் அங்க ஈமாஸ் போட்டாங்க. 2016 அக்டோபர்ல நியூயார்க் லாகார்டியாவுல துணை அதிபர் வேட்பாளர் மைக் பென்ஸ் வந்த விமானம் ரன்வேயைத் தாண்டினப்போ, இதே மாதிரி ஒரு படுக்கைதான் அதைப் பிடிச்சு நிறுத்துச்சு. யாருக்கும் பெரிய காயம் இல்ல.

நம்ம பக்கமும் ஒரு உதாரணம் இருக்கு. 2018 அக்டோபர் 12 அதிகாலை, திருச்சியில இருந்து துபாய்க்குக் கிளம்பின ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737, மேல எழும்பும்போது ரன்வே முடிவுல இருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடிச்சுட்டுப் போச்சு. உள்ள 136 பேர். விமானம் மும்பையில பத்திரமா இறங்குச்சு. நல்லவேளை, இடிச்சது சுவரை மட்டும்தான். சரியா இறங்குற விமானம் ரன்வே தொடக்கத்துல சுமார் 15 மீட்டர் உயரத்துல இருக்கும். 150 மீட்டர் முன்னாடி சுமார் 23 மீட்டர். அமெரிக்க விதிப்படி விமானப் பாதைக்குக் கீழ பொதுச்சாலை இருந்தா, அந்தச் சாலை மட்டத்துக்கு மேல இன்னும் 4.6 மீட்டர் உயரத்தைத் தடையாகவே கணக்குல சேர்ப்பாங்க. ஏன்னா எந்த நேரமும் ஒரு லாரி வரலாம். காகிதத்துல இடைவெளி இருக்கு. விமானம் தாழ்ந்து வந்தா அந்த இடைவெளி போயிடும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது: ஜெட் இன்ஜின் பின்னாடி தள்ளுற காத்து. கரீபியன் தீவான சின்ட் மார்ட்டனோட இளவரசி ஜூலியானா விமான நிலையத்துல, ரன்வே வேலிக்கும் மாஹோ கடற்கரைக்கும் நடுவுல ஒரு சின்னச் சாலை. வேலியிலயே எச்சரிக்கைப் பலகை மாட்டியிருக்காங்க. அப்படியும் சுற்றுலாப் பயணிகள் வேலியைப் பிடிச்சுக்கிட்டு வீடியோ எடுப்பாங்க. 2017 ஜூலை 12-ஆம் தேதி கிளம்பின விமானத்தோட காத்து தூக்கி எறிஞ்சதுல நியூசிலாந்துப் பெண் ஒருத்தர் இறந்தாங்க. பலகை இருந்துச்சு. பலகை மட்டும்தான் இருந்துச்சு.

ஜிப்ரால்டர் கடைசியா என்ன பண்ணுச்சு?

படிநிலையோட முதல் படிக்குப் போச்சு. 2023 மார்ச் 31-ஆம் தேதி ரன்வேயோட கிழக்கு முனைக்குக் கீழ கிங்ஸ்வே சுரங்கப் பாதையைத் திறந்தாங்க. ஒப்பந்தப் பிரச்சனை, கோர்ட் வழக்குன்னு பல வருஷம் இழுத்தடிச்ச வேலை. இப்போ வண்டிகள் கீழ போகுது, விமானம் மேல இறங்குது. நடந்து போறவங்களும் சைக்கிள்ல போறவங்களும் மட்டும் இன்னும் பழைய இடத்துல கடக்கலாம். அவங்களுக்கு அதே தடுப்பு, அதே சிக்னல்.

"அப்போ எல்லா இடத்துலயும் சுரங்கம் போட்டா முடிஞ்சுது"ன்னு சொல்லிட முடியாது. ஒரு நாளைக்குச் சில விமானம் மட்டும் வர்ற சம்பர்க்ல தடுப்பும் ஆளும் போதும்னு முடிவெடுத்திருக்கலாம். பணம், இடம், போக்குவரத்து எல்லாம் சேர்ந்துதான் பதில் வரும். ஆனா எந்தப் படியில நிக்கிறோம்ங்கறது தெரிஞ்சு நிக்கணும். பலகையை நட்டுட்டு "எச்சரிச்சாச்சு"ன்னு கையைக் கழுவுற நாள்ல, பொறியாளரோட பொறுப்பு ஓட்டுநர் தலையில போய் உக்காந்துடுது. ரெண்டு மூணு வருஷத்துல நம்மள்ல சிலர் அந்த வரைபடத்துல கையெழுத்துப் போடப் போறோம். அதனாலதான் இதைச் சொல்றேன்.

வண்டி ஓட்டும்போது நாம செய்ய வேண்டியது

1. மின்னும் சிவப்பைப் பார்த்தா நிறுத்தக் கோட்டுக்கு முன்னாடி நில்லுங்க. ஒரு விமானமோ ரயிலோ போயிடுச்சுன்னு கிளம்பாதீங்க. விளக்கு அணைஞ்சு, தடுப்பு முழுசா மேல போன பிறகு கிளம்புங்க. பின்னாடியே இன்னொண்ணு வரலாம்.

2. முன்னாடி இருக்குற வண்டி கடந்து முடிச்சு அந்தப் பக்கம் உங்களுக்கு இடம் இருந்தா மட்டும் உள்ள நுழையுங்க. நடுவுல மாட்டிக்காதீங்க.

3. ரன்வே முடிவுக்கு நேரா இருக்குற சாலையில வண்டியை ஓரங்கட்டி விமானம் பார்க்காதீங்க. ரசிக்கணும்னா பக்கவாட்டுல தள்ளி நின்னு ரசிங்க.

4. தலைக்கு மேல திடீர்னு சத்தம் வந்தா அண்ணாந்து பார்க்கத் தோணும். பைக்ல போறப்போ அந்த ஒரு விநாடியில 50 கிமீ வேகத்துக்கு 14 மீட்டர் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டின மாதிரி. விமானப் படம் போட்ட முக்கோணப் பலகை அதுக்காகவும்தான்.

5. சுற்றுச்சுவர் ஓரமா குப்பை கொட்டாதீங்க. குப்பை பறவையைக் கூப்பிடும். பறவை இன்ஜினுக்குள்ள போகும்.

பயிற்சிக்கு மூணு கேள்வி

சிவில்: மழையில உராய்வுக் கெழு 0.25-ஆகக் குறைஞ்சா, 50 கிமீ வேகத்துக்கு முன் எச்சரிக்கைப் பலகையை எவ்வளவு தூரத்துக்கு முன்னாடி நகர்த்துவீங்க?

ஈசிஈ: அணைஞ்ச விளக்கு "போகலாம்"னும் இருக்கலாம், "ரிப்பேர்"னும் இருக்கலாம். மூணாவதா ஒரு விளக்கு சேர்த்து இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முடியுமா? அந்த மூணாவது விளக்கும் ஃபியூஸ் போனா?

மெக்: 70 டன் விமானம் 53 நாட் வேகத்துல ஈமாஸ் படுக்கைக்குள்ள நுழையுது. விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வேகம் குறைஞ்சா எத்தனை மீட்டர்ல நிக்கும்? விடை 80 மீட்டருக்குள்ள வந்தா சரி. மிட்வேல அந்த 80 மீட்டர் இல்ல. அதுக்கு அடுத்து இருந்தது சாலை.